வாள் பெட்டிக்கு அளவு

ஆசாத் மேஜிக் ஸ்டோருக்கு மாதத்தில் இரண்டு பேராவது எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவார்கள். பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற சந்துக்குள், பாத்திரக் கடைக்கும் பிளாஸ்டிக் பூக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கடை அது. பலகையில் ‘மேஜிக் சாமான்கள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு யாரோ வைத்த செய்வினையை எடுக்க வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அன்றைக்கு வந்தது மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை பார்க்கிற இருசம்மாள். தூறலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்.

“ஏம்மா, மந்திரக் கடைன்னாங்களே, இதானா?”

“இது வித்தை காட்றவங்களுக்குச் சாமான் விக்கிற கடைம்மா,” என்றாள் ஜெஸிமா. “பூ வரவழைக்கிறது, கர்ச்சீப்பைக் காணாமப் போக்குறது, அந்த மாதிரி.”

“அப்ப எடுக்க மாட்டீங்களா?”

“எங்களுக்கு மறைக்கத்தாம்மா தெரியும், எடுக்கத் தெரியாது,” என்று உள்ளேயிருந்து ஜெஸிமாவின் கணவர் ஆசாத் குரல் கொடுத்தார்.

இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெஸிமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மழை விடும்வரை உட்காரவைத்து அனுப்பினாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் அந்த அம்மாள் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார். மதியம் அது சாலட்டுக்கு ஆயிற்று.

மற்றபடி கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தொழில்காரர்கள். முசிறி, புதுக்கோட்டை, கரூர் என்று சுற்றுவட்டாரத்தில் பிறந்தநாள் வீட்டிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் வித்தை காட்டுகிற முப்பது நாற்பது பேருக்கு இந்தக் கடைதான் எல்லாம். சாமானை ஆன்லைனிலும் வாங்கலாம். ஆனால் வாங்கிய சாமானின் ஸ்பிரிங் அறுந்தால் ஆன்லைன்காரன் உட்காரவைத்துக் கட்டித் தரமாட்டான். கர்ச்சீப்பை ஒளித்துவைக்கிற போலிக் கட்டைவிரல் உறை, கறுத்த கைக்கு ரோஸ் கலரில் வந்து சேர்ந்தால் சாயம் கலந்து கொடுக்கமாட்டான். மரவேலையும் தகரவேலையும் ஆசாத் பார்த்துக்கொண்டார். தையல் முழுக்க ஜெஸிமாவுடையது. கர்ச்சீப்புக்கு ஓரம் மடிப்பாள். மேஜிஷியன்களின் கோட்டுக்குள் வெளியே தெரியாத பைகளை வைத்துத் தைப்பாள். ஒரு கோட்டில் பதினொரு பை வைத்ததுகூட உண்டு. போட்டுக்கொண்டு குனிந்தாலும் உட்கார்ந்தாலும் பை வாய் திறக்கக் கூடாது. அதனால் ஆளை நிற்கவைத்து ஒருமுறை, குத்துக்காலிட்டு உட்காரவைத்து ஒருமுறை என்று இரண்டுதரம் அளவெடுக்கச் சொல்லி, தான் திரைக்குப் பின்னால் நின்று எழுதிக்கொள்வாள். ஆம்பளைகளுக்கு டேப் பிடிப்பது ஆசாத்.

கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வித்தையின் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும் ஆசாத், “பூட்டு?” என்று கேட்பார். வாங்குகிறவர், “போட்டாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாமான் கை மாறும். சொன்ன பிறகு அது பெண்டாட்டிக்குக்கூடத் திறக்காத பூட்டு. புதிதாக வருகிறவர்கள் கேலியாகச் சிரிப்பார்கள். ஆசாத் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அடங்கிப்போய்ச் சொல்வார்கள்.

இருசம்மாள் போன கொஞ்ச நேரத்தில் பிராங்க்ளினும் அவன் மனைவி சுஜாவும் வண்டியில் வந்து இறங்கினார்கள். மேலப்புதூர்க்காரர்கள். ‘மேஜிக் ஸ்டார் பிராங்க்ளின்’ என்றால் திருச்சியில் பாதிப் பள்ளிக்கூடங்களுக்குத் தெரியும். ஆள் வெண்டைக்காய் மாதிரி இருப்பான்.

“பாய், செத்துட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். “மாடி ஷீட்டுல ஓட்டை. ஐப்பசி மழை பூரா வாள் பெட்டி மேல எறங்கியிருக்கு. நேத்துத்தான் தொறந்து பாக்குறேன், பலகை ஊறி ஆப்பம் மாதிரி உப்பி நிக்குது.”

“யா அல்லா! ஏழு வருஷப் பெட்டியாச்சே?”

“ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல பொருட்காட்சி போடுறாங்கல்ல, பஞ்சக்கரை ரோட்டுல. பத்து நாளு, தெனம் ரெண்டு ஷோ, எனக்குக் குடுத்திருக்காங்க பாய். பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கே காட்டிக்கிட்டிருந்தவனுக்கு மொத மொதலா நிஜ மேடை. போஸ்டரே வாள் பெட்டிதான். பன்னெண்டு நாள்தான் இருக்கு.”

ஆசாத் விரலை மடக்கி எண்ணினார். பலகை அறுக்க, பூட்ட, வெல்வெட் ஒட்ட, பெயின்ட் காய. “பதினோராம் நாள் ஒத்திகை பாத்துக்கலாம். ஆனா அதுல பிசகுனா திருப்பிச் செய்ய நாள் இல்ல தம்பி.”

“உங்க பெட்டி என்னைக்குப் பிசகியிருக்கு?”

வாஸ்தவம்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஆசாத் செய்த ஒரு பெட்டியும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. ஆளை உள்ளே வைத்து மூடி வாள் குத்திக் காட்டுகிற வாள் பெட்டி என்பது அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை. உள்ளே உட்காருகிற ஆளுக்கென்று, சட்டை மாதிரி, அளவெடுத்துச் செய்வது. முழங்கால் எங்கே மடங்கும், கழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துத்தான் எட்டு வாளுக்கும் துளை போட வேண்டும். ஒருவருக்குச் செய்த பெட்டியில் இன்னொருவர் உட்கார்ந்தால் மூன்றாவது வாளே தோளில் இடிக்கும்.

பெட்டிக்குள் உட்காருவது சுஜா. பெண்களை அளவெடுப்பது ஜெஸிமா. இரண்டு பேரும் பின்கட்டுக்குப் போனார்கள்.

பின்கட்டு முழுக்கப் பசையும் வார்னிஷும் மணத்துக் கிடந்தது. சுஜா வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“பழைய அளவையே போட்டுடுங்களேன் அக்கா. நான் அப்படியேதானே இருக்கேன்.”

“நம்ம நினைப்புல அப்படியேதான் இருப்போம். டேப்பு ஒத்துக்கணுமே. உக்காரும்மா.”

சுஜா பாயில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஜெஸிமா தோளை அளந்தாள், முதுகை அளந்தாள். முழங்காலிலிருந்து முதுகுவரைக்கும் டேப்பைக் கொண்டுவந்தபோது ஏழு வருஷத்துக்கு முந்தைய அளவைவிட நாலு விரற்கடை கூடுதலாக வந்தது.

“இன்னும் நெஞ்சோட இழுத்துக்கோ.”

சுஜா இழுக்கவில்லை. முழங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெஸிமா டேப்பைச் சுருட்டினாள். “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டாள்.

“என்னது அக்கா?”

“டேப்பு புடிக்கிறவகிட்டயே மறைக்கிறியே.”

சுஜாவின் கண் நிறைந்துவிட்டது. “ரெண்டரை மாசம். புத்தூர்ல காட்டினேன். குனியாத, மடங்கி உக்காராதன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“அவருக்குத் தெரியாதா?”

“சொல்லல.”

“ஏன்டி!”

“ரெண்டு தடவை சொல்லித்தானே போச்சு.” சுஜா குரலைத் தணித்தாள். “அவருக்கு மேடை ரகசியம்னா உயிரை விட்டுக் காப்பாத்துவாரு. வீட்டு ரகசியம் ஒரு மணி நேரம் தாங்காது. காலைல சொன்னா மத்தியானம் அவங்கம்மாவுக்குத் தெரியும். மறுநாள் கோயில்ல பூசைக்கு எழுதிக் குடுத்துடுவாங்க. போன தடவை கலைஞ்சப்ப தெருவே வந்து பாத்துட்டுப் போச்சுக்கா, ஆப்பிளும் ஆர்லிக்ஸுமா. ‘அதுக்கென்ன, அடுத்தது நிக்கும்’னு ஆளாளுக்கு. அஞ்சு மாசம் தாண்டாம இந்தத் தடவை வாயே தொறக்கிறதில்லன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“அப்ப பெட்டிக்குள்ள உக்கார மாட்டேன்னு சொல்லு.”

“ஏன்னு கேப்பாரே? மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பொய் வராது. இந்தப் பத்து நாளைத்தான் ஆடியிலேருந்து பேசிக்கிட்டிருக்காரு. தூக்கத்துல கூட ‘பெரியோர்களே’ங்கிறாரு.”

“பத்து நாளு, ரெண்டு ரெண்டு ஷோ. இருபது தடவை மடங்கி உக்காருவியா?”

சுஜா கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே பிராங்க்ளின் ஆசாத்திடம் பெட்டிக்குச் சிவப்பு வேண்டும், தங்க நட்சத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றாள் சுஜா. “பூட்டு?”

ஜெஸிமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ பேரிடம் கணவர் கேட்டுக் கேட்டுப் பழகின சொல். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

“இதெல்லாம் வித்தைக்குச் சொல்றது சுஜா.”

“சொல்லுங்கக்கா. பூட்டு?”

“போட்டாச்சு,” என்றாள் ஜெஸிமா.

அன்று முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. கர்ச்சீப்பு ஓரம் கோணிக்கொண்டு போயிற்று. மகள் அஃப்ஷீனுக்கு முன்னால் அவளுக்கும் ஒன்று கலைந்திருக்கிறது. மகளுக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டது, இன்னும் அந்தத் தேதி வந்தால் ஜெஸிமாவுக்குச் சோறு இறங்காது. பிராங்க்ளினிடம் சொன்னால் பூட்டு உடைந்தது. ஆசாத்திடம் சொன்னாலும் உடைந்ததுதான். சொல்லாமல் இருந்தால் அந்தப் பெண் இருபது தடவை அந்தப் பலகைக்குள் மடிந்து உட்காருவாள், அதற்கு அளவு கொடுத்தது தன் கை.

மறுநாள் காலையில் ஆசாத் பலகையைப் பட்டறைமேல் கிடத்திவிட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, “அளவைச் சொல்லு ஜெஸி,” என்றார்.

ஜெஸிமா நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு மேஜிஷியனுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தாள். வலது பக்கத்தில் நேற்று எழுதிய சுஜாவின் பெட்டி அளவு. இடது பக்கத்தில் போன கிறிஸ்மஸுக்குத் தைத்த பிராங்க்ளினின் கோட்டு அளவு. நின்றால் இவ்வளவு, குத்துக்காலிட்டால் இவ்வளவு.

அவள் இடது பக்கத்தைப் படித்தாள்.

“தோளு பதினஞ்சே கால். உக்காந்த உசரம் முப்பத்தி நாலு. முழங்கால்லேருந்து முதுகு பதினாறு.”

ஆசாத் எழுதிக்கொண்டே போனவர் நிமிர்ந்தார். “என்ன, பொண்ணு ஒசந்து எளைச்சுட்டாளா?”

“வீட்டு வேலை, மேடை வேலை. எளைக்காம என்ன பண்ணுவா?”

“சரிதான்,” என்று ரம்பத்தை எடுத்தார்.

முதல் அறுப்பு விழுந்தபோது ஜெஸிமா நோட்டை மூடிவைத்தாள். அதன்பிறகு பத்து நாளும் அவள் கணவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. மழை விட்டுப் பனி ஆரம்பித்தது. ஆசாத் பலகையை இழைத்தார், மூலையில் பித்தளைத் தகடு அடித்தார், அளவுக்கேற்ப எட்டுத் துளையும் போட்டார். ஜெஸிமா உள்ளே கறுப்பு வெல்வெட்டை இழுத்து இழுத்து ஒட்டினாள். இத்தனை அழகாக ஒரு பெட்டி அந்தக் கடையிலிருந்து போனதில்லை என்று அவளுக்கே தோன்றியது. கத்தரிக்காய் தால்சா வைத்த அன்று ஆசாத் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, “இந்தப் பெட்டி பேர் வாங்கும் பாரேன், இன்ஷா அல்லாஹ்,” என்றார். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒத்திகை. பட்டறைக்கு நடுவில் சிவப்பும் தங்கமுமாகப் பெட்டி நின்றது. பிராங்க்ளின் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். “பாய், உங்க கைக்கு மோதிரம் போடணும்.”

“மொதல்ல ஆளை உள்ள உக்காரவை. மோதிரம் அப்பறம்.”

சுஜா ஜெஸிமாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தாள். உட்காரப் பார்த்தாள். இடுப்பு இரண்டு பக்கமும் பிடித்தது. பாதியிலேயே நின்றுவிட்டாள்.

“உக்காரு,” என்றான் பிராங்க்ளின்.

“எறங்கலையே.”

“மூச்சை இழுத்துக்கிட்டு எறங்கு!”

“வேணாம், அமுக்காத,” என்று ஆசாத் கிட்டே வந்தார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு வாளை எடுத்து மூன்றாம் துளையில் மெல்ல நீட்டிப் பார்த்தார். அது நேராக சுஜாவின் இடுப்பெலும்புக்கு வந்து நின்றது. “எறங்கும்மா. எறங்கிடு.”

சுஜா இறங்கினாள். பிராங்க்ளின் வெடித்தான்.

“யாரு அளவெடுத்தது? அக்காதானே? தையக் கடையில ஜாக்கெட்டு பிசகுனாப் பிரிச்சுத் தைக்கலாம். பலகையை எதைப் பிரிச்சு எதைத் தைக்கிறது? நாளை மறுநாள் மேடை! போஸ்டர் ஒட்டியாச்சு, அம்மா மண்டபத்துலேருந்து ராஜகோபுரம் வரைக்கும் ஒட்டியாச்சு! நான் அங்க போயி என்னத்தைக் காட்டுறது, கர்ச்சீப்பா?”

ஜெஸிமா கழுத்துவரைக்கும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு நின்றாள். சுஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாம் புரிந்த முகத்தோடு.

“நோட்டைக் கொண்டா,” என்றார் ஆசாத்.

கொண்டுவந்து கொடுத்தாள். ஆசாத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது பக்கத்தைப் படித்தார். இடது பக்கத்தைப் படித்தார். மறுபடியும் வலது பக்கத்துக்கு வந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அளவில் ஒரு நூல்கூடப் பிசகாதவள் என்று அவருக்குத் தெரியும். சுஜாவைப் பார்த்தார். அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

நோட்டை மூடினார்.

“தப்பு என்னுதுதான் தம்பி,” என்றார். “உன் கோட்டு அளவைப் பாத்து அறுத்துட்டேன். பக்கம் மாறிப்போச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

இருபத்திரண்டு வருஷத்துப் பேரை அந்த மனுஷன் ஒரே வாக்கியத்தில் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். பத்து நாளுக்குப் பிறகு ஜெஸிமா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பிராங்க்ளின் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். திட்டக்கூடத் தெம்பில்லை. “போச்சு பாய். போச்சு.”

“ஏன் போகணும்?” என்றாள் ஜெஸிமா. “உங்க அளவுதானே தம்பி? நீங்க உக்காருங்க.”

“யாரு, நானா? நான் மேஜிஷியன்க்கா! மேஜிஷியன் பெட்டிக்குள்ள உக்காந்தா வாளை யாரு குத்துறது, டிக்கெட்டு கிழிக்கிறவனா?”

“நான் குத்துறேன்,” என்றாள் சுஜா.

“உனக்குப் பேசத் தெரியுமா? எட்டு நிமிஷம் பேசிக்கிட்டே குத்தணும். ஜனத்தைப் புடிச்சு வைக்கணும்.”

“ஏழு வருஷமா உள்ள உக்காந்து உங்க பேச்சைத்தானே கேக்குறேன்? கேக்குறதைத் தவிர அங்க எனக்கு வேற என்ன வேலை? நீங்க எந்த எடத்துல இருமுவீங்கன்னு கூடத் தெரியும்.”

ஆசாத் மீசைக்குள் சிரித்தார். “உக்காந்துதான் பாரேன் தம்பி. உன் ஒடம்புக்குத் தீப்பெட்டியே போதும்.”

“கிண்டல் பண்ணுங்க பாய், பண்ணுங்க. முடியாதுன்னு காட்டறதுக்குத்தான் உக்காருறேன்,” என்று பிராங்க்ளின் வீம்பாகச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான்.

வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். முழங்கால் நெஞ்சில் படிந்தது, கழுத்து சாய வேண்டிய பக்கம் சாய்ந்தது. ஆசாத் மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினார். உள்ளேயிருந்து, “ஏய், இருட்டா இருக்கு,” என்று குரல் வந்தது.

“ஏழு வருஷமா அப்படித்தாங்க இருக்கு,” என்றாள் சுஜா.

வாளைக் கையில் எடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எதிரே ஆசாத்தும் ஜெஸிமாவும்தான் நின்றார்கள். ஆனால் அவள் பார்வை ஆயிரம் தலைகளுக்கு மேலே போனது.

“பெரியோர்களே, தாய்மார்களே, குழந்தைச் செல்வங்களே! உள்ளே இருக்கிற மனுஷர் பாவம், அவருக்கு இன்னொரு வேலை கிடைக்கவில்லை!”

“அது என் வசனம் இல்ல!” என்றது பெட்டி.

முதல் வாள் போயிற்று. இரண்டாவது. மூன்றாவது வாளை எல்லாருமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. நாலு. ஐந்து. பெட்டிக்குள்ளிருந்து மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஆறாவது வாளை எடுத்தவள் அதைக் குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மேடைக் குரல் இறங்கிவிட்டது.

“ஏங்க.”

“குத்து, ஏன் நிக்கிற? கால் மரத்துப் போகுது.”

“மாதா மன்னிச்சுக்கட்டும், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது. நான் முடிக்கிறவரைக்கும் அசையக் கூடாது. அஞ்சு வாள் உள்ள இருக்கு.”

ஜெஸிமா ஆசாத்தின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்கடைக்கு வந்தாள். நடுக்கதவைச் சாத்தினாள்.

கடையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருத்தர் நின்றிருந்தார். அமெரிக்காவிலிருந்து வரும் பேரனுக்காக மாதம் ஒரு சீட்டு வித்தை வாங்குகிறவர். “நமஸ்காரம் பாய். போன தடவை கொடுத்தேளே, அது கை நழுவறது. பெருமாள் சங்கல்பமோ என்னமோ, எனக்கு விரல் படியவே மாட்டேங்கறது,” என்று சீட்டுக்கட்டை எடுத்துப் பரப்பினார்.

ஆசாத் சீட்டை வாங்கிக் கலைத்தார். காது கதவிடம் இருந்தது. சுஜாவின் குரல் தாழ்வாக ஓடிக்கொண்டே இருந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அதுவும் நின்றது. ஜெஸிமா கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை மாசம்?” என்று பலகைக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது.

சீட்டுக்காரர் திடுக்கிட்டார். “உள்ளே யாரு?”

“பெட்டி சார்,” என்றார் ஆசாத். “புதுசு. ஒத்திகை.”

மறுபடி சுஜாவின் குரல். ரொம்ப நேரம். நடுவில், “அம்மாகிட்ட கூடவா?” என்று பெட்டி கேட்டது. “மூச்சு விடக் கூடாது,” என்றாள் சுஜா. “எங்க விட, நெஞ்சு மேல முழங்கால் கிடக்கு,” என்றது பெட்டி. அதற்கப்புறம் வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று ஜெஸிமாவுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருடையதும் கலந்திருந்தது.

“பாய்! ஆசாத் பாய்!” திடீரென்று பெட்டி கத்தியது. “இங்க வாங்க! அவ நின்னுக்கிட்டே இருக்கா! உக்கார ஒரு ஸ்டூலு கொண்டாங்க!”

ஜெஸிமா கல்லாவுக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே வந்த ஆசாத் பெட்டியருகில் குனிந்து, “முதல்ல வாளை உருவட்டுமா தம்பி?” என்று கேட்டார்.

“வாள் கெடக்கட்டும் பாய். ஸ்டூலைப் போடுங்க.”